எதிர்பார்த்ததும் பார்த்ததும்

திரைப்படங்களைப் பற்றிப் பேசுவதற்கு எனக்குத் தனித்தகுதி எதுவும் இல்லை. நான் விமரிசகன் அல்லன். படத்தொழிலோடு எவ்விதத் தொடர்பும் உடையவன் அல்லன். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணியாற்றுபவன். மாதத்திற்கு ஒரு முறையோ, இரண்டு மாதத்திற்கு ஒரு முறையோ, ஓய்வும் பணமும் ஒருங்கே வாய்க்கும்போது குடும்பத்துடன் படம் பார்ப்பவன். இத்தகைய சாதாரண ரசிகனுக்கும் கருத்து என்று ஒன்று உண்டன்றோ? டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்து, மூன்று மணி நேரம் இருட்டில் உட்கார்ந்து வந்தவன், தான் கண்டதைச் சொல்லும் உரிமையைப் பெற்றுவிடுகிறான். அந்த உரிமையைக் கொண்டே, எதிர்பார்த்த அளவுக்கு அமையாமற்போன சில படங்களைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேச விரும்புகிறேன்.

நான் வசிப்பது புணே நகருக்குத் தென்மேற்கே, முட்டா ஆற்றின் கரையில் உள்ள கடக்வாஸ்லா. 1879-இல் கட்டி முடிக்கப்பட்ட அணை ஒன்றும், முப்படைகளின் வருங்கால அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் தேசியப் பாதுகாப்புக் கல்விக்கழகமும், 1916-இல் தோன்றிய மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையமும் இவ்வூரின் அடையாளங்கள். இவற்றின் காரணமாக நாட்டின் எல்லா மாநிலத்தவரும் இங்கே இருக்கிறார்கள், தமிழரும் இருக்கிறார்கள். ஆனால் தமிழ்ப்படம் பார்க்க வேண்டுமானால் நகரத்துக்குத்தான் போக வேண்டும். சிம்மகட் சாலையின் நெரிசலில், மழைக்காலமாயின் குடையும் கையுமாகப் போய்வருவது அரை நாள் வேலை. சென்னையிலோ மதுரையிலோ இருப்பவர் தெருமுனைக் கொட்டகையில் ஒரு படம் பார்த்து, பிடிக்காவிட்டால் இடைவேளையில் எழுந்து வீட்டுக்குப் போகலாம். நமக்கு அது இயலாது. வழிச்செலவும், சாப்பாட்டுச் செலவும், ஒரு ஞாயிற்றுக்கிழமையும் அந்தப் படத்தின் தலையில் ஏறிவிடுகின்றன. இவ்வளவு சுமையையும் தாங்கும்படி எந்தப் படந்தான் எடுக்கப்படுகிறது? தில்லியிலும், கொல்கத்தாவிலும், நாகபுரியிலும் வாழும் நேயர்கள் இதை நன்கு உணர்வார்கள்.

படம் பார்த்துத் திரும்பிய மறுநாள், "எப்படி இருந்தது?" என்ற கேள்வி வரும். மராத்தி நண்பர் கேட்டால், "பிரமாதம்" என்கிறோம். தமிழ்ப்படத்தை விட்டுக்கொடுத்தால் தமிழையே விட்டுக்கொடுத்ததாகிவிடும் என்ற எண்ணம் அதற்குக் காரணம். அதே கேள்வியை நம்மவர் கேட்டால், "சுத்தக் குப்பை" என்று ஒரே சொல்லில் முடிக்கிறோம். இரண்டும் உண்மையன்று. முதலாவது உபசார வார்த்தை. இரண்டாவது ஆத்திரத்தின் வார்த்தை. நம் பிள்ளைகள் இவ்விரண்டு விடைகளையும் அருகிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பள்ளியில் மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் படிக்கும் அவர்களுக்குத் தமிழ் கேட்கும் வாய்ப்பு வீட்டுக்கு வெளியே பெரும்பாலும் திரைப்படத்தில்தான் கிடைக்கிறது. எது நன்று, எது நன்றன்று, ஏன் என்று நாம் சொல்லிக்கொடுக்காவிட்டால், அவர்கள் தமிழை மதிப்பிடக் கற்றுக்கொள்வது எங்கே? ஆகவே இது பொழுதுபோக்கைப் பற்றிய பேச்சாயினும், சிறிது பொறுப்பும் கலந்த பேச்சு.

ஒரு படம் ஏமாற்றம் அளித்தது என்றால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அந்த எதிர்பார்ப்பை உண்டாக்கியவர் யார் என்பதே. சில வேளைகளில் படமே வாக்குக் கொடுக்கிறது. சில வேளைகளில் விளம்பரம் கொடுக்கிறது. இன்னும் சில வேளைகளில், யாரும் கொடாத வாக்கை நாமே கற்பித்துக்கொண்டு போகிறோம். இம்மூன்றையும் பிரித்துப் பார்த்தால், குறை எங்கே என்பது தெளிவாகும்.

படமே கொடுத்த வாக்குக்கு உதாரணமாக "இந்தியன் 2" படத்தைச் சொல்லலாம். 1996-இல் வெளிவந்த "இந்தியன்" படத்தின் இறுதியில், நேதாஜியின் படையில் இருந்த முதியவர் சேனாபதி வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் பேசி, தேவைப்பட்டால் திரும்பி வருவதாக எச்சரிக்கிறார். அவர் திரும்பி வர இருபத்தெட்டு ஆண்டுகள் ஆயின. 2024 ஜூலை 12 அன்று வந்தார். இடையில் படப்பிடிப்புத் தளத்தில் 2020-இல் நேர்ந்த விபத்தில் மூவர் உயிரிழந்தனர். நடித்துக்கொடுத்த விவேக்கும் நெடுமுடி வேணுவும் படம் வெளிவருமுன்னரே மறைந்தனர். இத்தனை இடையூறுகளைக் கடந்து வந்த படத்தை யாரும் பகைமையுடன் பார்க்கப் போகவில்லை, ஆவலுடன்தான் போனார்கள்.

முதற்படத்தின் வலிமை எதில் இருந்தது? வர்மக்கலையிலோ, முதுமை வேடத்திலோ மட்டும் இல்லை. லஞ்சம் கொடுக்க மறுத்து மகளைப் பறிகொடுத்தவர், லஞ்சம் வாங்கித் தகுதியற்ற பேருந்துக்குச் சான்றிதழ் கொடுத்த தம் மகனைத் தம் கையாலேயே கொல்கிறார். பேருந்து விபத்தில் குழந்தைகள் மாண்டிருக்கிறார்கள். நீதி வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது தந்தை என்ன செய்வார் என்ற கேள்வியில், நமக்கு மூச்சு நின்றுவிடுகிறது. கமல்ஹாசனுக்குத் தேசிய விருது கிடைத்தது அந்தத் தந்தைக்காகவே என்பது என் எண்ணம்.

இரண்டாம் பாகத்திலும் அதே விதை இருக்கிறது. "உங்கள் வீட்டிலிருந்து தொடங்குங்கள்" என்பதே சேனாபதி இளைஞர்களுக்குக் கூறும் உபதேசத்தின் சாரம். அதைக் கேட்ட இளைஞன் ஒருவன், ஊழல் செய்த தன் தந்தையைக் காட்டிக்கொடுக்கிறான். அவமானம் தாங்காமல் தாய் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். அழைத்த மக்களே சேனாபதியைத் திரும்பிப் போகச் சொல்கிறார்கள். நேர்மைக்கு ஒரு குடும்பம் கொடுக்கும் விலை என்ற இந்தக் கருத்து முதற்படத்தின் கருத்துக்குச் சற்றும் குறைந்ததன்று. ஆயின் அதை வந்தடைவதற்குள், ஊர் ஊராகத் தண்டனைக் காட்சிகளும், நீண்ட சொற்பொழிவுகளும் நம்மைக் களைப்புறச் செய்துவிடுகின்றன. முதற்படத்தில் சுஜாதாவின் உரையாடல் இரண்டு வரியில் குத்தும். இங்கே இருபது வரியில் விளக்கம் வருகிறது, குத்து விழவில்லை. வெளியான பின் சுமார் பன்னிரண்டு நிமிடக் காட்சிகளை வெட்டியது, நீளம் நோயாக இருந்ததை எடுத்தவர்களே உணர்ந்தார்கள் என்பதற்குச் சான்று. இறுதியில் மூன்றாம் பாகத்தின் முன்னோட்டத்தையும் காட்டி அனுப்புகிறார்கள். விருந்துக்கு அழைத்து, பசியாறு முன்னரே அடுத்த விருந்துக்குத் தேதி குறித்தாற்போல இருந்தது அது.

என் தொழிலைக் கொண்டு இதை விளக்கலாம். இரண்டாம் பாகம் எடுப்பது ஒருவகை மொழிபெயர்ப்பு. மூலத்தின் சொற்களையெல்லாம் ஒன்று விடாமல் கொண்டுவந்து, பொருளைக் கரையிலேயே விட்டுவிடுவது எங்கள் தொழிலில் அடிக்கடி நிகழும் விபத்து. கத்தி வந்தது, வர்மமும் வந்தது. தந்தையின் துயரம் வரவில்லை. மராத்தி நண்பர்களும் இதே குறையைத் தம் வழியில் சொல்வதுண்டு. நாகராஜ் மஞ்சுளே 2016-இல் எடுத்த "சைராட்" என்னும் மராத்திப் படம் 2018-இல் "தடக்" என்ற பெயரில் இந்திக்குப் போனபோது, காதலர் இருவர் எஞ்சினார்கள், அவர்களைச் சூழ்ந்திருந்த சாதிக் கொடுமையின் கூர்மை மழுங்கிவிட்டது என்பது அவர்கள் குறை. அந்த நண்பர்கள் மராத்தியையோ இந்தியையோ இழிவுபடுத்திப் பேசவில்லை. படத்தைப் பற்றிப் பேசினார்கள். அந்த நிதானம் நமக்கும் வேண்டும்.

"தக் லைஃப்" படத்தின் நிலை சற்று வேறு. மணிரத்னமும் கமல்ஹாசனும் 1987-இல் தந்த "நாயகன்" படத்தை நினைவில் வைத்துக்கொண்டே மக்கள் 2025 ஜூன் 5 அன்று கொட்டகைக்குப் போனார்கள். மராட்டிய மாநிலத்தில் வாழும் தமிழனுக்கு "நாயகன்" வெறும் படமன்று. தூத்துக்குடியிலிருந்து ஓடிவந்த சிறுவன் பம்பாயில் வேரூன்றும் கதை அது. தாராவியின் சந்துகளைத் தோட்டா தரணி சென்னையிலேயே கட்டி எழுப்பினார் என்றறிந்தபின்னும், அதை நாம் நம் ஊர்க்கதையாகவே காண்கிறோம். பாலகுமாரனின் உரையாடலில் வீண் சொல் இல்லை. முடிவில் பேரப்பிள்ளை கேட்கும் ஒரே கேள்விக்கு வேலு நாயக்கரால் விடை சொல்ல முடியவில்லை, நம்மாலும் முடியவில்லை.

முப்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் வந்த படத்தில் நாயகனின் பெயரே பழைய பெயரை நினைவூட்டுகிறது. ஆகவே எதிர்பார்ப்பு முழுவதும் நம் கற்பனை என்று சொல்வதற்கில்லை. தொடக்கம் நன்றாகவே இருக்கிறது. துப்பாக்கிச் சண்டையில் தந்தையை இழந்த சிறுவனை ஒரு தாதா தூக்கி வளர்க்கிறார். வளர்த்தவருக்கும் வளர்ந்தவனுக்கும் இடையே சந்தேகம் முளைக்கிறது. புராண காலந்தொட்டு நமக்குப் பழக்கமான, என்றும் அலுக்காத கதைப்பொருள். ஆனால் சந்தேகம் என்பது பால் புளிப்பதுபோல மெல்ல மெல்ல நிகழ வேண்டிய ஒன்று. இங்கே அது விசையைத் தட்டியதும் எரியும் விளக்காக நிகழ்ந்துவிட்டது. இடைவேளைக்குப் பின் பழிவாங்கும் படலம். யார் யாரை எதற்காகச் சுடுகிறார்கள் என்ற அக்கறை நமக்குக் குறைந்துகொண்டே போகிறது. படம் வருமுன்னரே ஊரெங்கும் ஒலித்த "முத்த மழை" பாட்டுக்காகக் காத்திருந்தவர்களுக்கு, அப்பாட்டு கொட்டகையில் கிடைக்கவே இல்லை. ஒளிப்பதிவும் நடிப்பும் குறை சொல்லத்தக்கவை அல்ல. கதை நம் நெஞ்சில் இறங்குவதற்கு வேண்டிய கால அவகாசம் கொடுக்கப்படவில்லை என்பதே என் குறை.

அடுத்து, விளம்பரம் கொடுத்த வாக்கு. 2024 நவம்பரில் வந்த "கங்குவா" படத்தை இதற்கு எடுத்துக்கொள்கிறேன். பழங்காலத் தீவு மக்களின் போரையும் இக்காலக் கதையையும் பின்னியிருந்த அப்படத்தில் சூர்யாவின் உழைப்பு ஒவ்வொரு காட்சியிலும் தெரிகிறது. ஆனால் வெளிவருவதற்கு முன்பே, இதுபோல் ஒன்று இதுவரை வந்ததில்லை என்ற முழக்கம் காதைத் துளைத்தது. படத்துக்குள்ளும் அந்த முழக்கம் ஓயவில்லை. இரைச்சல் தாங்கவில்லை என்று பார்வையாளர் முறையிட, ஒலியைக் குறைத்து வைக்கும்படி தயாரிப்பாளர் தரப்பே கொட்டகைகளைக் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. ஓயாமல் கத்துகிறவன் முக்கியமான செய்தியைச் சொல்லும்போதும் அது காதில் விழாது. மௌனமான ஒரு நிமிடம் எங்கேயாவது இருந்திருந்தால், அந்தப் போர்களின் பயங்கரம் நமக்கு உறைத்திருக்கும்.

மூன்றாவது வகை, நாமே கற்பித்துக்கொள்வது. ரஜினிகாந்த் நடித்து 1999-இல் வந்த "படையப்பா" பெருவெற்றி பெற்றது. மூன்றாண்டுக் காத்திருப்புக்குப் பின் 2002 ஆகஸ்டு 15 அன்று "பாபா" வந்தது. கதையும் தயாரிப்பும் அவருடையவை. இயக்கியவர் "பாட்ஷா" தந்த சுரேஷ் கிருஷ்ணா. ரசிகர்கள் எதிர்பார்த்தது இன்னொரு பாட்ஷாவை. அவர் தர விரும்பியதோ தம் ஆன்மிகத் தேட்டத்தை. நாத்திகனுக்கு இமயத்து ஞானி மந்திரம் கொடுக்கும் கதையில், தேடலும் சண்டையும் எண்ணெயும் தண்ணீருமாக ஒட்டாமல் நின்றன என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் பாதிப் பழி நம்முடையது. வாங்க வந்த பொருள் இந்தக் கடையில் இல்லை என்பதற்காகக் கடைக்காரரை வைது பயன் என்ன? நட்டமடைந்த விநியோகஸ்தர்களுக்கு ரஜினிகாந்த் பணம் திருப்பிக் கொடுத்தது திரையுலகில் அரிதான செயல். 2022 டிசம்பரில் அப்படம் திருத்தித் தொகுக்கப்பட்டு மீண்டும் திரையிடப்பட்டது.

இந்த மூன்றாம் வகையில், இழப்பு படத்துக்கு மட்டும் நேர்வதில்லை. பார்ப்பவர்களாகிய நமக்கும் நேர்கிறது. பழைய உதாரணம் ஒன்று சொல்கிறேன். பி. ஆர். பந்துலு 1959-இல் சிவாஜி கணேசனைக் கொண்டு "வீரபாண்டிய கட்டபொம்மன்" எடுத்தார். மக்கள் கொண்டாடினார்கள், மறுவருடம் கெய்ரோவில் நடந்த விழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் விருதும் கிடைத்தது. அதே பந்துலு, அதே சிவாஜியை வ. உ. சிதம்பரனாராக்கி, ம. பொ. சிவஞானத்தின் நூலைத் தழுவி, 1961 தீபாவளிக்குக் "கப்பலோட்டிய தமிழன்" தந்தார். அப்படம் பண நட்டத்தில் முடிந்தது. அதே ஆண்டில் "பாவமன்னிப்பு", "பாசமலர்" ஆகியவற்றில் சிவாஜியைக் கண்டு கண்ணீர் விட்ட மக்கள்தாம் இதைக் காண வரவில்லை.

காரணம் ஊகிக்கத்தக்கதே. கட்டபொம்மனிடம் வாள் இருந்தது. வீர முழக்கம் இருந்தது. சிதம்பரனாரோ வழக்கறிஞர். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, வெள்ளையரோடு வாணிபத்தில் மோதி, சிறையில் செக்கிழுத்தவர். அவர் விடுதலையாகி வெளிவரும்போது வரவேற்கக் கூட்டமில்லை. நோயுற்று உருமாறிய சுப்பிரமணிய சிவா ஒருவரே நிற்கிறார். வெற்றி முரசு கேட்க வந்தவர்களுக்கு இந்தக் காட்சி கசந்திருக்கலாம். சிறைவாசலில் அந்தத் தலைவர் கண்ட வெறுமையைப் பிற்காலத்தில் அவர் படமும் கண்டது. இன்று சுதந்திர தினத்தில் பிள்ளைகளுக்குக் காட்டத்தக்க தமிழ்ப்படம் எது என்று யாரேனும் கேட்டால், நான் தயங்காமல் இதன் பெயரைச் சொல்வேன்.

இக்கதை பலமுறை திரும்ப நிகழ்ந்திருக்கிறது. 1991 தீபாவளியன்று "தளபதி"யுடன் போட்டியிட்ட "குணா" அன்று பெரிதாக ஓடவில்லை. கொடைக்கானல் குகை ஒன்றுக்குப் பெயர் கொடுத்து, 2024-இல் வந்த "மஞ்சும்மல் பாய்ஸ்" என்னும் மலையாளப் படத்தின் வழியே புதிய தலைமுறைக்கு மீண்டும் அறிமுகமாயிற்று. 2003 பொங்கலுக்கு வந்த "அன்பே சிவம்" வசூலில் தோற்றது. வெள்ளத்தால் புவனேசுவர விமான நிலையத்தில் சிக்கிக்கொண்ட இருவர் சென்னை நோக்கி வரும் பயணந்தான் கதை. ஊருக்குப் போகும் ரயிலில், முன்பின் அறியாத தமிழர் ஒருவருடன் இரவு முழுவதும் வாதிட்டு, இறங்கும்போது பிரிய மனமில்லாமல் நின்ற அனுபவம் வெளிமாநிலத் தமிழர் பலருக்கும் இருக்கும். அவர்களுக்கு இப்படத்தின் அருமையை எடுத்துச் சொல்லவும் வேண்டுமோ?

புணே நகரமும் இதற்கு ஒரு சாட்சி சொல்லும். இங்கிருந்த பிரபாத் படக்கம்பெனியில் 1944-இல் தொழில் பழக வந்த இளைஞர் குரு தத். அவர் 1959-இல் எடுத்த "காகஸ் கே பூல்" இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படம். அது தோற்றது. அதன்பின் அவர் தம் பெயரில் எந்தப் படத்தையும் இயக்கவில்லை, 1964-இல் மறைந்தார். அந்தப் பிரபாத் நிலையம் இருந்த இடத்தில் 1960-இல் நிறுவப்பட்ட திரைப்படக் கல்லூரியில், குரு தத்தின் படங்களை மாணவர்கள் பாடமாகப் பயின்று வந்திருக்கிறார்கள். பார்வையாளரின் அவசரத் தீர்ப்பு ஒரு கலைஞனின் கையைக் கட்டிவிடக்கூடும் என்பதற்கு இதைவிடச் சோகமான உதாரணம் இல்லை.

அப்படியானால், எல்லாத் தோல்விப் படங்களும் பின்னர் போற்றப்படும் என்பதா? அவ்வாறு எண்ணுவது மடமை. மறக்கப்பட்ட படங்களுள் பெரும்பாலானவை மறக்கத்தக்கவையே. காலம் சிலவற்றைக் காப்பாற்றுகிறது; அவை எவை என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஆகையால் நாம் செய்யக்கூடியது, பார்த்த படத்தைப் பற்றி நியாயமாகப் பேசுவது ஒன்றே. இது என்ன செய்ய முயன்றது? அதைச் செய்ததா? செய்யவில்லையெனில், எந்த இடத்தில் தவறியது? இந்த மூன்று கேள்விகளுக்கு விடை கூறியபின் "பிடிக்கவில்லை" என்று சொன்னால், அச்சொல்லுக்கு மதிப்பு உண்டு.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு நான்காவதாக ஒரு கேள்வியும் உண்டு. நாம் கொட்டகைக்குப் போனது எதற்காக? பெரும்பாலும், படத்துக்காக மட்டும் போவதில்லை. முந்நூறு பேர் ஒரே சமயத்தில் தமிழில் சிரிப்பதைக் கேட்கப் போகிறோம். வயல்வரப்பையும், கோயில் கோபுரத்தையும், டீக்கடை பெஞ்சையும் காணப் போகிறோம். ஊரின் ஏக்கத்தை மூன்று மணி நேரத்தில் தீர்க்கும் கடமை எந்த இயக்குநருக்கும் இல்லை. அதைப் படத்தின் கணக்கில் பற்று எழுதுவது அநீதி. அதுபோலவே, அந்த ஏக்கம் தீர்ந்த மகிழ்ச்சியில் மட்டமான படத்தை மெச்சுவதும் கணக்குப் பிழையே. இரண்டையும் தனித்தனியே எழுதிவைத்தால் பேரேடு சரியாக இருக்கும்.

மராத்தி நண்பர் நாளை கேட்கும்போது, "இன்னின்ன பகுதி நன்றாக இருந்தது, இந்த இடத்தில் தவறிவிட்டார்கள், இதே நடிகரின் பழைய படம் ஒன்றைச் சொல்கிறேன், அதைப் பாருங்கள்" என்று விடை கூறலாம். திரையின் அடியில் ஆங்கில எழுத்துகளோடு அந்தப் பழைய படத்தை அவருடன் சேர்ந்து பார்க்கவும் செய்யலாம். அருகில் இருந்து கேட்கும் பிள்ளை அதிலிருந்து இரண்டு பாடங்களைக் கற்றுக்கொள்ளும்: குறையை ஒத்துக்கொள்வதால் தமிழுக்குத் தாழ்வு வந்துவிடாது; குறை காண்பவன் நிறையையும் எடுத்துக்காட்டக் கடமைப்பட்டவன். அடுத்த தீபாவளிக்கும் பெரிய படங்கள் வரும்; முழக்கமும் இருக்கும். குடையை எடுத்துக்கொண்டு நாமும் போகத்தான் போகிறோம். ஊர் ஏக்கம் கூடவே வரட்டும். படத்துக்குத் தீர்ப்பு எழுதும் வேலையை மட்டும் அதனிடம் ஒப்படைக்காதிருப்போமாக.